ஆப்பிள் கள்ளும் பனங்கள்ளும்

டிஸ்கி: இது குடிக்கச் சொல்ற பதிவு இல்லீங்க. குடிக்காதேன்னு சொல்ற பதிவும் இல்ல. வரலாறுன்னாலே கொட்டாவி வர்றவங்க மார்க் போட்டிருக்கிற இடத்தை மட்டும் படிச்சிட்டு எஸ்கேப் ஆயிரலாம், கோவிச்சுக்க மாட்டேன்.

ஆறு மாசம் ஆன்சைட்னு பர்மிங்ஹாம்ல கிடந்தேன். அங்க எந்த சூப்பர் மார்க்கெட்டுக்குப் போனாலும் பீருக்குப் பக்கத்துலயே ஸ்ட்ராங்போன்னு ஒரு சைடர் அடுக்கி வெச்சிருப்பாங்க. கேன் மேல ஒரு அம்பு. சைடர்னா வேற ஒண்ணும் இல்ல, ஆப்பிளைப் பிழிஞ்சு சாறை நொதிக்க விட்டா சைடர். அமெரிக்காவுல இந்தப் பேருக்கு நொதிக்காத சாறுன்னு அர்த்தம், நொதிச்சதை 'ஹார்ட் சைடர்'னு தனியா சொல்லணும். இங்கிலாந்துல சைடர்னாலே போதை உள்ளதுதான். நம்ம பாஷையில இந்தக் குழப்பமே கிடையாது. சுண்ணாம்பு தடவின கலயத்துல இறங்கினா பதநீர், தடவாத கலயத்துல இறங்கினா கள்ளு. ரெண்டும் ஒரே பாளையோட சாறு, நடுவுல வேலை பார்க்கறது சுண்ணாம்பு மட்டும்.

சரி, மொதல்ல மார்க். எல்லாம் பத்துக்கு.

நிறம்: வெளிர் தங்கம், கண்ணாடி மாதிரி தெளிவு. பிழிஞ்ச ஆப்பிள் சாறு இயற்கையில இவ்வளவு தெளிவா இருக்காது, ஆனா பார்க்க அழகுதான். 7.
வாசனை: பெட்டிக்கடை பச்சை ஆப்பிள் மிட்டாய். ஊத்தி ரெண்டு நிமிஷத்துல அதுவும் காணாமப் போயிருது. 4.
ருசி: முதல் வாய் ஜில்லுன்னு புளிப்பு, பின்னாடியே இனிப்பு, அப்புறம் ஒண்ணுமே இல்ல. கூலிங் போகப் போக சர்க்கரைத் தண்ணி. 4.
மொத்தத்துல 5. ஒரு மார்க் அந்த அம்புக்காக.

இந்த 5 மார்க் சரக்குதான் உலகத்துலயே அதிகமா விக்கற சைடர்கள்ல ஒண்ணு. அது எப்படின்னு நோண்டப் போய்தான் இந்தப் பதிவே வந்துச்சு.

ஒரு சனிக்கிழமை ரயில் ஏறி ஹெரிஃபோர்ட் போனேன். ஒன்றரை மணி நேரம். ஸ்ட்ராங்போவைத் தயாரிக்கற புல்மர்ஸ் கம்பெனி பிறந்த ஊர் அதுதான். அவங்களோட பழைய ஃபேக்டரியைத்தான் இப்போ சைடர் மியூசியமா வெச்சிருக்காங்க. கீழ பாதாள அறை. ஷாம்பெயின் மாதிரி பாட்டிலுக்குள்ளயே நொதிக்க விடற சைடரை அங்கதான் அடுக்கி வெச்சிருந்தாங்களாம். கம்பெனியை ஆரம்பிச்சவர் பெர்சி புல்மர், பக்கத்துக் கிராமத்துப் பாதிரியாரோட பையன். சாப்பாடு, குடி ரெண்டுல ஒண்ணைத் தொழிலா எடுத்துக்கோ, அதுக்கு என்னைக்கும் மவுசு குறையாதுன்னு அவங்க அம்மா சொன்னதா ஒரு கதை உண்டு. 1887ல் ஆரம்பிச்சார். கொஞ்ச நாள்ல அண்ணன் ஃப்ரெட்டும் வந்து சேர்ந்துக்கிட்டார். 1960ல்தான் ஸ்ட்ராங்போ வருது. 12ஆம் நூற்றாண்டுல அயர்லாந்து மேல படையெடுத்துப் போன ரிச்சர்ட் டி கிளேர்ங்கற பிரபுவோட பட்டப்பேர் அது. அம்புக்கு அர்த்தம் இப்ப புரியுதா? 2003ல் கம்பெனியை ஸ்காட்டிஷ் அண்ட் நியூகாசில் வாங்கிச்சு, 2008ல் அது ஹைனெக்கன் கைக்குப் போச்சு.

இன்னொரு விஷயம் தெரிஞ்சப்பதான் ருசி ஏன் அப்படி இருந்துச்சுன்னு பிடிபட்டுது. 'சைடர்'னு பேர் போட்டு விக்க அந்த நாட்டு வரிச் சட்டப்படி 35 சதவீதம் ஆப்பிள் சாறு இருந்தா போதும். 2010ல் வந்த விதி. அதையும் சுண்டக் காய்ச்சின கான்சன்ட்ரேட்டா வாங்கிக்கலாம். பெரிய ஃபேக்டரிகள்ல வழக்கமா சர்க்கரைப் பாகைச் சேர்த்து போதையை ஏகத்துக்கு ஏத்தி, அப்புறம் தண்ணி ஊத்திக் குறைச்சு, வடிகட்டி, கேஸ் ஏத்தி அடைப்பாங்க. ஜிகர்தண்டாவுல பாதி தண்ணி ஊத்தி ஐஸ் போட்டுக் கொடுத்தா என்ன ருசி வருமோ அதே கணக்கு.

அன்னிக்கு சாயங்காலமே ஹெரிஃபோர்ட்ல ஒரு பப்புல பண்ணைக்காரர் ஒருத்தர் செஞ்ச சைடரும் குடிச்சேன். கலங்கல், கேஸ் கிடையாது, நாக்குல கடுக்காய் மாதிரி ஒரு துவர்ப்பு. அதுக்குன்னு தனியா ஆப்பிள் ரகங்கள் இருக்கு, பச்சையா கடிச்சா துப்பிருவோம். அதுக்கு 7.5. அரை பைண்டுக்கு மேல போகல.

இனிமே கொஞ்சம் சீரியஸ்.

சைடர் அங்க யோக்கியமான பானமா பொறந்துடல. 18ஆம் நூற்றாண்டுல மேற்கு இங்கிலாந்துப் பண்ணைகள்ல கூலியோட ஒரு பங்கையே சைடராத்தான் கொடுத்தாங்க. சின்ன மரப்பீப்பாய்ல ஊத்திக்கிட்டு வயக்காட்டுக்குப் போவாங்க. அறுவடைக் காலத்துல அளவு கூடும். பண்ணையாருக்குக் காசு மிச்சம். வேலையாளுக்கு வீட்டுக்குக் கொண்டுபோகக் காசு இல்ல. பொண்டாட்டி புள்ளைங்களுக்கு சைடரையா ஊத்த முடியும்?

அதுல விஷமும் இருந்துச்சு. டெவன் பக்கம் சைடர் குடிக்கறவங்களுக்கு வயித்துவலி, கை கால் விழுந்துபோறதுன்னு பல காலமா ஒரு நோய். ஆப்பிளோட புளிப்புதான் காரணம்னு சொல்லிக்கிட்டு இருந்தாங்க. ஜார்ஜ் பேக்கர்னு அதே டெவன்ல பிறந்த டாக்டர் 1767ல் சோதிச்சுப் பார்த்து, சைடர் ஆலைகள்ல இருந்த ஈயம்தான் காரணம்னு எழுதினார். ஆலைக்காரங்க, பாதிரியார்கள் எல்லாரும் சொந்த ஊருக்கே துரோகி நீன்னு அவர் மேல பாய்ஞ்சாங்க. ஆனா ஈயம் போச்சு, நோயும் மெல்ல மெல்லப் போச்சு. சைடர் போகல.

வரி சண்டையும் நடந்துருக்கு. ஏழாண்டுப் போர் செலவை ஈடுகட்ட 1763ல் சைடர் செய்யறவங்க மேல வரி போட்டாங்க. வரியை விட, வரி ஆபீசர் எந்த நேரமும் வீட்டுக்குள்ள நுழைஞ்சு பீப்பாயைத் தட்டிப் பார்க்கலாம்னு இருந்துச்சே, அதுதான் ஆத்திரம். கொடும்பாவி எரிச்சாங்க, கலாட்டா பண்ணாங்க. மூணே வருஷம், 1766ல் வரியை வாபஸ் வாங்கிட்டாங்க. ரொம்ப காலம் கழிச்சு 1976ல் வரி திரும்ப வந்தப்போ கூட, வருஷத்துக்கு 7,000 லிட்டர் வரைக்கும் செய்யற சின்ன ஆளுங்களுக்கு விலக்கு கொடுத்தாங்க. நான் 7.5 போட்ட அந்தக் கலங்கல் சைடர் மாதிரி சரக்கெல்லாம் பிழைச்சுக் கிடக்கறதுக்கு இதுவும் ஒரு முக்கியக் காரணம்.

கூலியா மதுவைக் கொடுக்கறதை 1887ல் ஒரு சட்டம் போட்டு நிறுத்தினாங்க. பெர்சி புல்மர் கம்பெனி ஆரம்பிச்ச அதே 1887. வயக்காட்டுல கூலியா ஓடின சரக்கு, சரியா அந்த வருஷமே ஃபேக்டரி பாட்டிலுக்குள்ள போக ஆரம்பிச்சிருச்சு. எதேச்சையா அமைஞ்சதுதான், இருந்தாலும் அந்த வருஷத்தைப் பார்த்ததும் எனக்கு நம்ம ஊர் வருஷம் ஒண்ணு ஞாபகத்துக்கு வந்துச்சு. 1987.

அங்க போறதுக்கு முன்னாடி ஊர்ல யாருக்கு என்ன நடந்துச்சுன்னு சொல்லிடறேன். நமக்கு புதுக்கோட்டை மாவட்டம், ஆலங்குடிக்குப் பக்கத்துல ஒரு ஊர். அய்யா, அதாவது அப்பாவோட அப்பா, கள்ளு பத்திப் பேச ஆரம்பிச்சா நிறுத்த மாட்டார். விடியக்காலைல இறக்கினது எப்படி இனிக்கும், மத்தியானத்துக்குள்ள எப்படி ஏறும், மறுநாள் எப்படிக் காடியாப் போகும்னு ஒரு லெக்சரே நடக்கும். பக்கத்துல உக்காந்திருக்கற அப்பத்தா வெத்தலையை இடிச்சுக்கிட்டே, "ஒங்க அய்யாவுக்குக் கள்ளு இனிச்சுச்சு, எனக்கு உலை கொதிச்சுச்சு, அரிசிதான் வரல"ன்னு ஒரே வரியில முடிச்சு விட்ரும். கூலி கொடுக்கற அன்னிக்கு கள்ளுக்கடை வாசல்ல போய் நின்ன பொம்பளைங்க கதையெல்லாம் அதுகிட்ட ஏராளம். அய்யா போய்ச் சேர்ந்துட்டார். அப்பத்தா இன்னும் அதே கோவத்தோட இருக்கு. கள்ளுன்னாலே அமிர்தம்னு கிளம்பற நண்பர்கள் ஒரு தடவை அப்பத்தாகிட்டப் பேசிட்டு வந்தா நல்லது.

நம்ம இலக்கியத்துலயே ரெண்டு கட்சியும் இருக்கே. அதியமான் செத்தப்போ ஔவையார் பாடின புறநானூற்று 235ஆம் பாட்டுல, அவனோட பெருந்தன்மைக்கு முதல் சாட்சியா வர்றதே கள்ளைப் பங்கு போட்ட விதம்தான். திருக்குறள்ல 'கள்ளுண்ணாமை'ன்னு ஒரு அதிகாரமே இருக்கு, 93ஆவது.

வெள்ளைக்காரன் வந்ததும் ஔவையார், வள்ளுவர் ரெண்டு பேரையும் ஓரங்கட்டிட்டு வசூல்ல இறங்கிட்டான். 1886ல் மெட்ராஸ் ஆப்காரிச் சட்டம். கள்ளு இறக்கற மரத்துக்கு மரவரி, மரத்துல நம்பர், கடைக்கு ஏலம். அங்க வீட்டுக்குள்ள ஆபீசர் நுழைஞ்சதுக்கு மூணு வருஷத்துல வரியையே தூக்கினாங்க. இங்க மரத்துல நம்பர் போட்டதுக்கு ஒரு நாதியும் இல்ல. ஆப்காரி வருமானம் மாகாண கஜானாவுக்கு முக்கியமான வரவா ஆயிருச்சு. அதனாலதான் காங்கிரஸ் கள்ளுக்கடை மறியல்ல இறங்கினப்போ அது ஒழுக்கப் பிரச்சாரமா மட்டும் நிக்கல, அரசாங்கத்தோட மடியில கை வைக்கற வேலையாவும் ஆச்சு. 1921ல் ஈரோட்டு மறியல்ல பெரியார் இருந்தார், நாகம்மையாரும் கண்ணம்மாளும் முன்னாடி நின்னாங்க. பெரியார் தன் தோப்புத் தென்னைகளையே வெட்டிச் சாய்ச்சார். (மரம் என்னய்யா பண்ணுச்சுன்னு எனக்கு இன்னிக்கும் கேக்கத் தோணும்.)

1937 அக்டோபர் 1, ராஜாஜி சேலம் மாவட்டத்துல மதுவிலக்கு கொண்டு வந்தார். போன வருமானத்தை ஈடுகட்ட 1939ல் விற்பனை வரி. கடையில பில்லுல வரியைப் பார்த்துக் கடுப்பாகறவங்க அந்தக் கதையோட ஆரம்பம் இங்கதான் இருக்குன்னு தெரிஞ்சுக்குங்க :-) மாகாணம் முழுக்க மதுவிலக்கு 1948 அக்டோபர் 2ல் வந்துச்சு. எங்க புதுக்கோட்டை தொண்டைமான் சமஸ்தானமா இருந்துட்டு, அதே 1948 மார்ச்லதான் இந்தியாவோட சேர்ந்து திருச்சி ஜில்லாவுக்குள்ள போச்சு. ராஜா போய் ஏழு மாசத்துல கள்ளும் போச்சு. தனி மாவட்டமானது 1974 ஜனவரியில.

அதுக்கப்புறம் நடந்தது ஸ்விட்ச் போடற விளையாட்டு. 1971ல் கருணாநிதி ஆட்சியில மதுவிலக்கு தளர்ந்துச்சு, 1974ல் மறுபடி வந்துச்சு. 1981ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில கடைகள் திறந்துச்சு, 1983ல் டாஸ்மாக் கம்பெனி வந்துச்சு, 1987 ஜனவரி 1ல் கள்ளுக்கும் சாராயத்துக்கும் தடை. அதோட கள்ளு கதை முடிஞ்சுது, தடை இன்னிக்கு வரைக்கும் விலகல. 2003ல் சில்லறை விற்பனையையே அரசாங்கம் முழுசா கையில எடுத்துக்கிச்சு. இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச காமெடி, டாஸ்மாக் கடை நடக்கறதே ராஜாஜி போட்ட அந்த 1937 மதுவிலக்குச் சட்டத்துக்குக் கீழதான். துறையோட பேரு 'மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வை'.

கள்ளைத் தடுக்கச் சொல்ற முக்கியக் காரணம் கலப்படம். குளோரல் ஹைட்ரேட் மாதிரி மயக்க மருந்தைக் கலந்து வித்தாங்கங்கறது பொய் இல்ல. மரத்துல இறங்கறது கம்மி, கடையில விக்கறது ஜாஸ்தின்னா நடுவுல என்னத்தையாவது ஊத்தித்தானே ஆகணும். ஆனா பேக்கர் ஈயத்தைக் கண்டுபிடிச்சப்போ அவங்க ஈயத்தை எடுத்தாங்க. இங்க கலப்படத்தோட சேர்த்து மரத்தையே மூடிட்டோம். மூடின இடத்துக்கு வந்தது என்ன? பெரும்பாலும் கரும்பு ஆலைக் கழிவுப்பாகுல வடிச்ச ஸ்பிரிட்டுக்குக் கலர் ஏத்தின 'விஸ்கி', 'பிராந்தி', 42.8 சதவீதம். கள்ளு பொதுவா 4, 5 சதவீதத்துல நிக்கற சரக்கு. கலப்படச் சாவு நின்னுச்சான்னு பார்த்தா, 2024 ஜூன்ல கள்ளக்குறிச்சியில மெத்தனால் கலந்த சாராயம் குடிச்சு 60 பேருக்கு மேல செத்தாங்க. கள் இயக்கம் நல்லசாமி பல வருஷமா சொல்லிக்கிட்டு இருக்கறதுல இந்த ஒப்பீட்டை மட்டுமாவது அரசாங்கம் காது கொடுத்துக் கேக்கலாம்.

கள்ளு சைடர் மாதிரி இண்டஸ்ட்ரி ஆகாததுக்குச் சட்டம் மட்டும் காரணம் இல்லீங்க. கெமிஸ்ட்ரியும் உண்டு. ஆப்பிள் சாறுல புளிப்பு இருக்கு, துவர்ப்பு இருக்கு, அங்க நொதிக்கற காலம் குளிர்காலம். வாரக்கணக்குல நிதானமா நொதிச்சு மாசக்கணக்குல கெடாம நிக்கும். பனஞ்சாறு இனிப்பு, புளிப்பே கிடையாது, அடிக்கறது எங்க ஊர் வெயில். பாளையிலிருந்து கலயத்துல சொட்டும்போதே நொதிக்க ஆரம்பிச்சிரும், அய்யா சொன்ன மாதிரி மறுநாள் காடி. அதனால மரத்தடியிலயே, அன்னிக்கே குடிச்சாகணும். ஹெரிஃபோர்ட்ல நாலு திசையிலிருந்தும் ஆப்பிளை வண்டியில கொண்டு வந்து ஒரே ஃபேக்டரியில கொட்டலாம். பனைமரத்தை அப்படிக் கொண்டு வர முடியுமா? கடை மரத்தைத் தேடிப் போகணும். சூடு காட்டி பாட்டில்ல அடைச்சா நாள்படும், இலங்கையில அப்படி விக்கறாங்க. பண்ணியிருக்க முடியும். பண்ணிப் பார்க்கற வாய்ப்பே இங்க யாருக்கும் கிடைக்கல.

கேரளாவுல 1996ல் சாராயத்தைத் தடை பண்ணினப்போ கூட கள்ளை விட்டு வெச்சாங்க. கள்ளுத் தொழிலாளர்களுக்கு 1969லயே நலநிதிச் சட்டம் உண்டு. போன வருஷம் கோயம்புத்தூர்ல ஒரு கல்யாணத்துக்குப் போயிட்டு, நண்பர்களோட பாலக்காடு சித்தூர்ப் பக்கம் போனேன். லைசென்ஸ் உள்ள ஷாப்பு, மரபெஞ்சு, கப்பை, மீன் குழம்பு. பனங்கள்ளு கிடைச்சுது.

நிறம்: அரிசி கழுவின தண்ணி. 3.
வாசனை: ஆப்பத்துக்கு அரைச்சு வெச்ச மாவு பொங்கி நிக்கற வாசனை, கூடவே லேசா நுங்கு. 7.
ருசி: இனிப்பும் புளிப்பும் ஒண்ணா வருது. வயித்துக்குள்ள போயும் வேலையை நிறுத்தல. அடுத்த கால் மணி நேரத்துல அதே குடத்துல மறுபடி ஊத்தினா வேற ருசி. 8.
மொத்தம் 7.5. பண்ணைக்காரர் சைடரும் இதுவும் சமம். அது ஒண்ணும் அமிர்தம் இல்ல, ஆனா அந்த 5 மார்க் கேனுக்கும் இதுக்கும் ரொம்ப தூரம்.

வீட்டுக்கு வந்து அப்பத்தாகிட்ட உளறிட்டேன். ஒரு வாரம் பேசல. அப்புறம் தானே, "தேங்கள்ளா பனங்கள்ளா?"ன்னு கேட்டுச்சு. பனைன்னேன். "ஒங்க அய்யாவும் தென்னையைத் தொடமாட்டாரு"ன்னு சொல்லிட்டு வெத்தலை எடுத்து இடிக்க ஆரம்பிச்சிருச்சு.

2018 நவம்பர்ல கஜா புயல் வந்தப்போ எங்க பக்கம் தென்னை, பலா எல்லாம் வேரோட விழுந்து கிடந்துச்சு, குளத்துக் கரைப் பனைகள் அப்படியே நின்னுச்சு. அதுக்கப்புறம்தான் பசங்க பனங்கொட்டை ஊன ஆரம்பிச்சாங்க. 2021ல் அரசாங்கமும் கலெக்டர் அனுமதி இல்லாம பனையை வெட்டக்கூடாதுன்னு அறிவிச்சுது. அதுக்கு முன்னாடி எத்தனையோ மரம் செங்கல் சூளைக்குப் போயிருச்சு. மரமாவது ஊனலாம். இடுக்கி பிடிச்சு, நாள் தவறாம பாளை சீவத் தெரிஞ்ச ஆள் எங்க ஊர்ல இப்போ ஒரே ஒருத்தர்தான், அவருக்கும் அறுபத்தஞ்சு தாண்டிருச்சு. மகன் சிங்கப்பூர்ல. நுங்குக்கு மட்டும் ஏறுவார். ஏறிக் காட்டுங்கன்னு நாங்க கூப்பிட்டா, "கத்துக்க எவனாவது வர்றானா, சொல்லு, வர்றேன்"ங்கறார். பனங்கொட்டை ஊன வந்த பசங்கள்ல ரெண்டு பேர் சரின்னு சொல்லியிருக்காங்க. தை பொறந்ததும், சுண்ணாம்பு தடவின கலயத்தோட, பதநீருக்கு. எப்படிப் போச்சுன்னு வேற ஒரு பதிவுல எழுதறேன். வர்ட்டா.